எனது இல., உமது இல.

அரச அலுவலகத்திலிருந்து உங்கட வீட்டுக்கு வந்த ஏதாவது ஒரு கடிதத்தை எடுத்துப் பாருங்கோ. மேலே அரச இலச்சினை. பக்கத்தில் மூன்று மொழியிலும் அலுவலகத்தின் பெயர். அதற்குக் கீழே ஒரே வரிசையில் மூன்று சின்ன இடங்கள்: எனது இல., உமது இல., திகதி. முதலாவதில் சாய்கோடுகள் போட்ட ஒரு நீண்ட இலக்கம் பேனையால் எழுதியிருக்கும். மூன்றாவதில் திகதி. நடுவில் இருக்கிற ‘உமது இல.’ மட்டும் அநேகமாக வெறுமையாகத்தான் இருக்கும்.

அது ஏன் வெறுமையாக இருக்குது எண்டு எங்களில் ஒருவரும் போன வருடம் வரைக்கும் யோசித்ததில்லை. பள்ளிக்கூடத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் வருடக்கணக்காகக் கடிதம் எழுதப் படித்த ஆக்கள்தான் நாங்கள். முகவரி எந்தப் பக்கம், காற்புள்ளி எங்கே, விடயத்துக்குக் கீழே கோடு போடலாமா, எல்லாவற்றுக்கும் புள்ளி வெட்டினார்கள். சாதாரண தரத்தில் அதே வடிவத்தை ஒப்புவித்து ஏ எடுத்தவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கடிதம் போய்ச் சேருகிற இடத்தில் அதை யார் உடைப்பார், உடைத்து என்ன செய்வார் என்பதை ஒருவரும் சொல்லித் தரவில்லை. கடிதம் என்பது பரீட்சைத் தாளில் தொடங்கி பரீட்சைத் தாளிலேயே முடிகிற ஒரு சாமான் எண்டுதான் நினைத்திருந்தோம்.

போன வருடம் எங்கட பட்ச் இரண்டு நாள் நாடக விழா ஒன்று செய்தது. மேடை, ஒலி, ஒளி, சாப்பாடு எல்லாம் கணக்குப் பார்த்தபோது ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் துண்டு விழுந்தது. சரி, அனுசரணை கேட்போம் எண்டு முடிவெடுத்து நாற்பத்து மூன்று கடிதம் அடித்தோம். கடைகள், தனியார் கல்வி நிலையங்கள், நிதி நிறுவனங்கள். கலைப்பீடத்து ஆக்கள் எழுதின கடிதம் அல்லவா, தமிழ் பொங்கி வழிந்தது. முதல் பந்தியில் தங்கள் நிறுவனம் மென்மேலும் வளர எல்லாம் வல்ல இறைவனைப் பிரார்த்தித்தோம். இரண்டாம் பந்தியில் கலை என்பது மனித வாழ்வின் கண்ணாடி என்றோம். மூன்றாம் பந்தியில் ஆதிகாலம் தொட்டுத் தமிழர் கூத்தைப் போற்றி வந்ததை ‘தாங்கள் அறிந்ததே’ என்று முடித்தோம். நான்காம் பந்தியின் கடைசி வரியில், தங்களால் இயன்ற உதவியை நல்கி எம்மை ஊக்குவிக்குமாறு மிகவும் பணிவன்புடன் வேண்டிக்கொண்டோம்.

மூன்றே மூன்று பேர் பதில் தந்தார்கள். அதில் ஒருவர் இரும்புக்கடை வைத்திருக்கிறவர். கடிதத்தை எங்களுக்கு முன்னாலேயே வாசித்தார். வாசித்து முடித்துத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

“பிள்ளையள், நாடகம் எப்ப?”

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். விழாவின் திகதி கடிதத்தில் இல்லை. எழுதினது நாலு பேர், சரிபார்த்தது ஆறு பேர், ஒருவருக்கும் கண்ணில் படவில்லை.

“சரி, எவ்வளவு வேணும்?”

“உங்களால இயன்றது ஐயா.”

“இயன்றது எண்டு கேட்டா நான் ஆயிரம் தருவன். பத்தாயிரம் வேணும், அதுக்குக் கடையின்ர பேரை மேடையில போடுவம் எண்டு எழுதியிருந்தா இருந்து யோசிச்சிருப்பன். இப்ப நான் என்னத்தை யோசிக்கிறது?”

பிறகு அவர் லாச்சியைத் திறந்து தன்னுடைய பைல் ஒன்றை எடுத்துக் காட்டினார். கொழும்பில் தனக்குச் சாமான் அனுப்புகிற கம்பனிக்கு எழுதின கடிதத்தின் கொப்பி. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். கடிதம் நாலே வரி. இன்ன திகதி, இன்ன பில் இலக்கம். வந்த நாற்பது பெட்டி டைல்ஸில் ஆறு பெட்டி உடைவு. லொறிச் சாரதி கையெழுத்து வைத்த துண்டும் படங்களும் இணைப்பில். ஆறு பெட்டியை மாற்றி அனுப்பவும், இல்லாவிட்டால் அடுத்த பில்லில் கழிக்கவும், எது எண்டு வெள்ளிக்கிழமைக்கு முன் சொல்லவும். அவ்வளவுதான். இறைவனும் இல்லை, கண்ணாடியும் இல்லை. ஆறு பெட்டியும் வந்ததாம்.

அந்தக் கடிதத்தைப் பார்த்ததும் எங்களுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் சுருக்கமாக எழுதினார் என்பது மட்டும் அதற்குக் காரணமில்லை. அந்த நாலு வரியை வாசிக்கிற ஆளுக்கு அடுத்ததாக என்ன செய்ய வேண்டும் என்பதில் ஒரு சந்தேகமும் வராது. எங்கட கடிதத்தை வாசித்தவருக்கோ, நாங்கள் நல்ல பிள்ளைகள் என்பதைத் தவிர வேறொன்றும் விளங்கியிருக்காது. ‘இயன்ற உதவி’ என்று எழுதும்போது நாங்கள் அடக்கமாக இருக்கிறோம் என்று நினைத்தோம். உண்மையில் எங்கட வேலையை அவரிடம் தள்ளிவிட்டிருக்கிறோம். எவ்வளவு கேட்கலாம், எதற்குக் கேட்கலாம், பதிலுக்கு என்ன கொடுக்கலாம் என்று யோசிக்க வேண்டியது நாங்கள். அதைச் செய்யாமல் அடைமொழிகளை அடுக்கினோம்.

மற்றப் பிழை இன்னும் பகிடியானது. நாற்பத்து மூன்றில் பதினேழு கடிதம் ஆங்கிலத்தில். ஏன் எண்டு கேட்டால் ‘கம்பனிக்கு எண்டா இங்கிலிஷில எழுதினாத்தான் ஒரு மரியாதை’. அந்தப் பதினேழில் பெரும்பாலானவை தமிழ் முதலாளிகளுக்குப் போனவை. ஒருவர் தன்ர மகள் டியூஷனால் வந்ததும் வாசிச்சுப் பார்த்துச் சொல்லுறன் எண்டு வாங்கி வைத்தார். அதுவும் பிழையான ஆங்கிலம். விளிப்பில் ஆளின் பெயரைப் போடாமல் ஐயா என்று மட்டும் எழுதினால் முடிவில் ‘யுவர்ஸ் பெயித்புலி’, பெயர் சொல்லி விளித்தால் ‘யுவர்ஸ் சின்சியர்லி’ என்று ஆங்கிலத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. நாங்கள் இரண்டையும் மாறி மாறிப் போட்டிருந்தோம். அவர்கள் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள் என்பதுதான் ஒரே ஆறுதல்.

விழா ஒருமாதிரி நடந்து முடிந்தது. கடன் மிச்சம். அந்தக் கதை வேறு.

கடிதத்தின் மற்றப் பாதி, அதாவது அலுவலகத்துக்குள் என்ன நடக்கிறது என்பது, எங்களுக்கு இன்னொரு விடயத்தில்தான் விளங்கியது. எங்கட பட்ச் தோழி ஒருத்தியின் அப்பா இரண்டு வருடத்துக்கு முன் இறந்துபோனார். அவருக்குச் சேர வேண்டிய ஒரு கொடுப்பனவு அம்மாவுக்கு வர வேண்டும். கொழும்பில் இருக்கிற ஓர் அலுவலகத்துக்கு விண்ணப்பித்திருந்தார்கள். ஒரு மாதம் 12ஆம் திகதி பதில் வந்தது. 4ஆம் திகதி போட்ட கடிதம். முழுக்கச் சிங்களம்.

அம்மாவுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. பணம் தரமாட்டோம் எண்டுதான் எழுதியிருக்கினம் எண்டு தானாகவே முடிவெடுத்து, கடிதத்தைச் சாமித்தட்டில் வைத்துவிட்டார். மகளுக்கும் சொல்லவில்லை. பரீட்சை நேரம், பிள்ளை யோசிக்கும் எண்டு. 27ஆம் திகதிதான் தோழி வீட்டுக்குப் போய்ப் படமெடுத்து எங்கட குறூப்பில் போட்டாள். அநுராதபுரத்து நண்பன் ஒருவன் இரண்டு நிமிடத்தில் சொன்னான்: விவாகச் சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதி ஒன்று வேணுமாம், கடிதத் திகதியிலிருந்து முப்பது நாளுக்குள் அனுப்பட்டாம். இருபத்து மூன்று நாள் ஏற்கெனவே போய்விட்டது.

சான்றிதழை எடுத்து உடனே அனுப்புவம் எண்டுதான் ஓடினோம். தோழியின் பெரியப்பா மறித்தார். கச்சேரியில் பிரதம இலிகிதராக இருந்து ஓய்வுபெற்றவர். “வெறும் சான்றிதழை உறையில போட்டு அனுப்பப் போறியளோ? அது அங்க எந்தப் பைலுக்குள்ள போகும் எண்டு ஆருக்குத் தெரியும்?” என்றார். அன்று பின்னேரம் விறாந்தையில் இருந்து ஒரு வெள்ளைத் தாளை வைத்து அவர் சொல்லித் தந்தது, பதின்மூன்று வருடப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் படிக்காதது.

கடிதம் போய்ச் சேர்ந்ததும் அதை உடைக்கிறவர் அதில் சொல்லியிருக்கிற அலுவலைச் செய்யிறவர் இல்லை. அவர் திகதி முத்திரை குத்துவார், உள்வரும் கடிதப் பதிவேட்டில் ஒரு வரி எழுதுவார், பிறகு எந்தக் கிளைக்கு, எந்த மேசைக்கு எண்டு பிரிப்பார். முழுக் கடிதத்தையும் வாசிக்க அவருக்கு நேரமில்லை. மேலே பார்ப்பார். அதற்காகத்தான் ‘விடயம்’ என்று ஒரு வரி. அந்த வரியில் ‘உதவி கோரல்’ என்றோ ‘தங்களின் மேலான கவனத்திற்கு’ என்றோ எழுதினால் கடிதம் மேசை மேசையாகச் சுற்றும். பெரியப்பாவின் கணக்கில், விடய வரியை மட்டும் வாசித்தே கடிதம் சரியான மேசைக்குப் போக வேண்டும்.

மேசைக்குப் போனால் அங்கே ஒரு பைல் இருக்கும். அந்தப் பைலின் இலக்கம்தான் அவர்களின் கடிதத்தில் ‘எனது இல.’ என்று வருவது. நாங்கள் பதில் எழுதும்போது அதே இலக்கத்தை, ஒரு சாய்கோடு கூட விடாமல், ‘உமது இல.’ என்று போட வேண்டும். அதைப் பார்த்தால் பைலை எடுத்துத் தாளைக் கோர்ப்பார்கள். போடாவிட்டால் புதுக் கடிதம் மாதிரி ஒரு மூலையில் கிடக்கும். வருடக்கணக்காக அலுவலகத்துக்கு எழுதி எழுதிக் களைத்த எத்தனையோ பேரின் கடிதங்கள் இப்படிப் பைலைக் கண்டுபிடிக்க முடியாமல் கிடந்திருக்கும் எண்டு அவர் சொன்னபோது எங்களுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

“அப்ப எங்கட பக்கம் ‘எனது இல.’ எண்டு என்ன போடுறது? எங்களுக்கு இலக்கம் இல்லையே?” என்று கேட்டோம்.

“ஏன் இல்லை? 01 எண்டு போடுங்கோ. நீங்கள் இலக்கம் குடுத்தாத்தானே அவன் ‘உமது இல.’ நிரப்புவான்.”

நடுவிலே எப்போதும் வெறுமையாக இருக்கிற இடத்தின் கதை இவ்வளவுதான். பதில் எழுதுகிற இடத்தில் நாங்கள் ஒருநாளும் எங்களுக்கென்று ஓர் இலக்கம் வைத்துக்கொண்டதில்லை. அவர்களிடம் எங்களைப் பற்றி ஒரு பைல் இருக்கிறது. எங்களிடம் அவர்களைப் பற்றிப் பைல் இல்லை.

மற்றவற்றையும் கேட்டோம். ‘ஊடாக’ என்பது மரியாதைக்குப் போடுகிற வரி இல்லை. கடிதம் உண்மையிலேயே அந்த ஆளின் கையால் போக வேண்டும், அவர் சிபாரிசு எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். பீடாதிபதி ஊடாக எண்டு அடித்துவிட்டு நேராகக் கொண்டுபோய்க் குடுத்தால் திரும்பி வருவதற்கே வாய்ப்பு அதிகம். ‘இணைப்பு’ என்று கீழே எத்தனை தாள் எண்டு எழுதுவது, பிறகு ‘அது வரேல்ல’ எண்டு சொல்ல விடாமல் இருக்க. ‘பிரதி’ என்று இன்னொரு அலுவலகத்தின் பெயரைப் போடுவது, முதலாமவருக்கு இன்னொருவரும் பார்க்கிறார் எண்டு தெரிய. ஆங்கிலத்தில் அதை இரண்டு ‘சி’ போட்டுக் குறிப்பது, தட்டச்சுப் பொறியில் தாளுக்கு இடையில் காபன் தாள் வைத்துப் பிரதி எடுத்த காலத்து மிச்சம். காபன் போய்விட்டது, எழுத்து மட்டும் ஈமெயிலிலும் நிற்கிறது.

அவர் சொன்னவற்றில் எங்களுக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. கடிதத்தை நேரில் குடுத்தால் இரண்டு பிரதி கொண்டுபோ, ஒன்றில் திகதி முத்திரை குத்தி வாங்கு. தபாலில் எண்டால் பதிவுத் தபால், அந்தத் துண்டை உன் பிரதியோடு பின் பண்ணி வை. கதைச்சதுக்குச் சாட்சி இல்லை, நல்லவர்தான், ஆனா அவர் மாறிப் போனா அடுத்தவருக்கு ஒண்டும் தெரியாது.

பிறகு கடிதத்தை எழுதினோம். மொத்தம் நாலு இலக்கமிட்ட பந்தி. ஒன்று: உங்கள் 4ஆம் திகதிக் கடிதம் 12ஆம் திகதி கிடைத்தது. இரண்டு: அதில் கேட்ட விவாகச் சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதி இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. மூன்று: கடிதம் சிங்களத்தில் மட்டும் இருந்தபடியால் அதில் கேட்கப்பட்டதை அறிந்துகொள்ள எனக்கு 15 நாட்கள் சென்றன, அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையின்படி இனிவரும் கடிதங்களைத் தமிழில் அனுப்பவும். நான்கு: வேறு ஆவணங்கள் தேவையாயின் எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் அறியத்தரவும்.

முதல் வரைவில் தமிழ் பற்றிய பந்தியைத்தான் மேலே வைத்திருந்தோம். எங்களுக்குக் கோபம் அதில்தானே. பெரியப்பா கீழே இறக்கினார். அவனுக்கு வேண்டியதை முதல்ல குடு, பிறகு உனக்கு வேண்டியதைக் கேள் எண்டார். யோசித்துப் பார்த்தால் சரிதான். அந்த மேசையில் இருக்கிறவர் சட்டம் எழுதினவர் இல்லை, தன் பைலில் ஒரு தாள் குறைகிறது எண்டு பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு முகாமைத்துவ உதவியாளர்.

ஆனால் மூன்றாம் பந்தியை எடுக்கவே கூடாது என்பதில் நாங்கள் உறுதியாக இருந்தோம். ஏனெண்டால் அது சலுகை கேட்கிற வரி இல்லை. 1987இல் 13ஆம் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்று 18ஆம் உறுப்புரையில் எழுதியது. அடுத்த வருடம் வந்த 16ஆம் திருத்தத்தின்படி, சிங்களம் நிர்வாக மொழியாக இருக்கிற இடத்திலும் ஒருவர் தமிழிலோ ஆங்கிலத்திலோ அரச உத்தியோகத்தருக்கு எழுதலாம், எழுதின மொழியிலேயே பதில் பெற அவருக்கு உரித்து இருக்கிறது. அது நடக்காவிட்டால் முறையிட 1991ஆம் ஆண்டு 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அரசகரும மொழிகள் ஆணைக்குழு என்று ஒன்றும் உண்டு. அரசறிவியல் பாடத்தில் இந்த உறுப்புரைகளைப் பாடமாக்கிப் பரீட்சை எழுதின ஆக்கள் நாங்கள். சாமித்தட்டில் கிடந்த அந்தக் கடிதத்தோடு அவற்றை இணைத்துப் பார்க்க அதுவரை தோன்றவில்லை.

இந்த இடத்தில் எங்களுக்கு ஒரு பிடிவாதமான அபிப்பிராயம் இருக்கிறது. வியாபாரக் கடிதத்துக்கும் அரச கடிதத்துக்கும் மொழி விடயத்தில் நியாயம் வேறு வேறு. கடைக்காரருக்கு எழுதினால் அவருக்கு எந்த மொழி வசதியோ அதில் எழுத வேண்டும். அவரிடம் கேட்கப் போனது நாங்கள். மாத்தறையில் இருக்கிற ஒரு கம்பனியிடம் அனுசரணை கேட்டால் சிங்களத்தில் எழுதுவதுதான் மரியாதை, தெரியாவிட்டால் தெரிந்த நண்பர்களைப் பிடிக்க வேண்டும். அரசுக்கு எழுதினால் எங்கட மொழியில். நாங்கள் இப்போது இரண்டையும் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறோம். தமிழ்க் கடைக்காரருக்கு ஆங்கிலத்தில் எழுதுகிறோம், தமிழில் பதில் தரக் கடமைப்பட்ட அலுவலகத்துக்குச் சிங்களம் தெரிந்த ஆளைத் தேடி அலைகிறோம்.

சிங்களத்தில எழுதினா கெதியா நடக்கும் எண்டு சொல்லுகிற நண்பர்களைக் குறை சொல்லவில்லை. பல இடங்களில் அது உண்மை. அவசரமெண்டால் தமிழ்க் கடிதத்தோடு சிங்கள மொழிபெயர்ப்பு ஒன்றையும் இணையுங்கள். கையெழுத்து வைக்கிற கடிதம் தமிழில் இருக்கட்டும். தமிழில் ஒரு கடிதமும் வராத அலுவலகத்துக்குத் தமிழ் தெரிந்த ஓர் உத்தியோகத்தர் தேவை எண்டு எவரும் மேலிடத்துக்கு எழுதப் போவதில்லை.

கடிதத்தை வாசித்துக் காட்டியபோது தோழியின் அம்மா கேட்டது ஒன்றுதான். “உப்பிடி எழுதினா கோவிக்க மாட்டினமோ?”

அந்தப் பயம் அவருடையது மட்டுமில்லை. எங்கட கடித வடிவத்துக்குள்ளேயே அது இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்து உத்தியோகக் கடிதங்கள் ‘தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன்’ என்று பொருள்படும் ஆங்கிலத்தில்தான் முடிந்தன. ஆளுநருக்கும் அப்படித்தான் எழுதினார்கள், அவருக்குக் கீழே இருந்தவருக்கும் சில வேளை அப்படித்தான் எழுதினார்கள். ஆங்கிலத்தில் அது வெறும் சம்பிரதாயமாகத் தேய்ந்து, பிறகு மறைந்தே போனது. தமிழில் அது தேயவில்லை. பணிவன்புடன், தாழ்மையுடன், தங்கள் மேலான சமூகத்திற்கு, தயவுகூர்ந்து, கருணையுடன் பரிசீலித்து எண்டு பெருகினது. ஒரு பாதை விளக்கு எரியேல்ல எண்டு பிரதேச சபைக்கு எழுதுகிற கடிதத்திலும் கருணை கேட்கிறோம். விளக்குக்கு வரி கட்டுகிற ஆக்கள் கருணை கேட்கத் தேவையில்லை. ‘கேட்டுக்கொள்கிறேன்’ போதும். அதுவே மரியாதையான தமிழ்தான்.

மரியாதை வேண்டாம் எண்டு சொல்லவில்லை. பெயரைப் பிழையில்லாமல் எழுதுவது மரியாதை. பதவியைச் சரியாகப் போடுவது, ஒரு பக்கத்துக்குள் முடிப்பது, தொலைபேசி இலக்கம் எழுதுவது, எல்லாம் மரியாதை. பாமினியில் அடித்த கடிதத்தை அப்படியே வேர்ட் பைலாக அனுப்பி, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க விடாமல் பிடிஎப் ஆக்கி அனுப்புவதும் மரியாதைதான். அதெல்லாம் செய்யாமல் நாலு ‘பணிவன்பு’ போடுவதால் பயனில்லை.

இப்போது பலர் ஏஐயிடம் கேட்டுத்தான் கடிதம் எடுக்கிறார்கள். நாங்களும் எடுத்தோம், மறைக்க ஒன்றுமில்லை. ஒருக்கா பிரதேச செயலாளருக்கு எழுதச் சொன்னால் ‘வட்டாட்சியர் அவர்களுக்கு’ எண்டு தமிழ்நாட்டுப் பதவி வந்தது. திகதி ‘தேதி’ ஆனது. அது திருத்தக்கூடிய பிழை. திருத்த முடியாதது என்னவென்றால், எவ்வளவு வேணும், எப்ப வேணும், எந்தப் பைல் என்பவை அதுக்குத் தெரியாது. நாங்கள் சொல்லாவிட்டால் அந்த இடங்களை அது அழகான வசனங்களால் நிரப்பும். எங்கட நாடக விழாக் கடிதம் மாதிரி.

இதை எல்லாம் சொன்னால் ஒரு கேள்வி வரும், எங்கட குறூப்பிலேயே வந்தது. ‘கடிதம் எழுதி என்னத்தைக் கண்டம்? ஆளைப் பிடிச்சாத்தான் அலுவல்.’ இதற்கு எங்களிடம் வாயை அடைக்கிற மறுமொழி இல்லை. ஆள் தெரிந்தவருக்கு ஒரு நாளில் நடப்பது கடிதம் எழுதினவருக்கு ஆறு மாதம் எடுக்கிறது, சில வேளை நடக்காமலே போகிறது. ஆனால் வடக்கு கிழக்கில் கடிதத்தின் பெறுமதியை எங்களை விட நன்றாகத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாக்கள். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தெருவோரத்தில் போராட்டத்தைத் தொடங்கியவர்களின் கைகளில் படங்கள் இருந்தன. அதைப் போலவே அநேகமான அம்மாக்களிடம் ஒரு பொலித்தீன் பையும் இருக்கும். பொலிஸில் போட்ட முறைப்பாட்டின் பிரதி, செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் போனது, 2010இல் நியமித்த நல்லிணக்க ஆணைக்குழுவுக்குப் போனது, 2013இல் நியமித்த ஆணைக்குழுவுக்குப் போனது, பிறகு காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்குப் போனது. ஒவ்வொன்றிலும் திகதி. அந்தக் கடிதங்கள் அவர்களுக்குப் பிள்ளைகளைத் திருப்பித் தரவில்லை. ஆனால் ‘எங்களிட்ட ஒருத்தரும் சொல்லேல்ல’ எண்டு எந்த அலுவலகமும் அவர்களிடம் சொல்ல முடியாது. இந்தப் பெண்களிடம் போய்க் கடிதத்தால் என்ன பயன் எண்டு கேட்க எங்களுக்கு வாய் வராது.

எங்கட அலுவல் அவ்வளவு பாரமானது இல்லை. தோழியின் அம்மா கடைசியில் மூன்றாம் பந்தியோடேயே கையெழுத்து வைத்தார். முப்பதாவது நாளுக்கு இரண்டு நாள் இருக்கப் பதிவுத் தபாலில் போட்டோம். துண்டைப் பின் பண்ணி, தோழியின் பழைய கிளியர் பைல் ஒன்றில் முதல் தாளாக வைத்தோம்.

ஐந்து கிழமைக்குப் பிறகு பதில் வந்தது. தமிழில். ‘விவாகம்’ இரண்டு இடத்தில் இரண்டு மாதிரி எழுதப்பட்டிருந்தது, ஒரு வசனத்துக்கு முடிவே இல்லை. ஆனால் அம்மா தானே வாசித்து விளங்கிக்கொண்டார். கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல் ஒன்றும் வேணுமாம். ஒரே தடவையில் கேட்கச் சொல்லியும் கேட்கவில்லை, அதில் எங்களுக்குக் கடுப்புத்தான். மேலே பார்த்தால், நடு இடத்தில் நீலப் பேனையால் எழுதியிருந்தது: உமது இல. 01.

இரண்டாவது கடிதத்தை அம்மாவே எழுதினார். கையால், கோடு போட்ட தாளில். மூன்று பந்தி. ‘பணிவன்புடன்’ ஒரு இடத்தில் இருந்தது, நாங்கள் வெட்டவில்லை. எனது இல. 02 என்று வலப்பக்கம் போட்டிருந்தார், நாங்கள் சொல்லித் தந்தது இடப்பக்கம், அதையும் மாற்றவில்லை. அனுப்பி மூன்று கிழமை ஆகிறது. பணம் இன்னும் வரவில்லை. இந்த மாதக் கடைசிக்குள் பதில் இல்லையெண்டால் 03 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் போகும். 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சட்டம். காரணம் சொல்லத் தேவையில்லை, கிடைத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி தர வேண்டும், தகவலைத் தருவதா இல்லையா எண்டு 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வரைவை அம்மா எழுதி வைத்திருக்கிறாராம், வாற சனிக்கிழமை போய்ப் பார்க்க இருக்கிறோம்.